விதவையின் காசும் விழுங்கப்பட்ட வீடும்

பணத்தைப் பற்றித் தேவாலயத்திற் பேசப்படுவதில்லை என்று எவரேனும் கூறுவாராயின், அவர் அண்மையில் தேவாலயத்துக்குச் செல்லாதவராகவே இருத்தல் வேண்டும். ஞாயிறுதோறும் அங்கே பணம் பேசப்படுகின்றது. கட்டட நிதிக்கு இன்னும் எவ்வளவு தேவை, சந்தா நிலுவை வைத்திருப்போர் யாவர், தசமபாகம் செலுத்துவோருக்கு வந்துசேரும் ஆசீர்வாதங்கள் எவை என்பனவெல்லாம் அறிவித்தல்களிலும் பிரசங்கங்களிலும் தவறாது இடம்பெறுகின்றன. பேசப்படாதது ஒன்றே. காணிக்கைப் பைக்குள் விழும் பணம் எங்கிருந்து வந்தது, அது வந்த வழியில் எவர் வீட்டு அடுப்பு அணைந்தது என்பதே அது. பணத்தின்பால் கிறிஸ்தவன் எத்தகைய மனப்பாங்கு உடையவனாயிருத்தல் வேண்டும் என்ற வினாவுக்குத் தாராளமாகக் கொடுப்பவனாயிருத்தல் வேண்டும் என்ற ஒரே விடையைத் தந்துவிட்டு நமது சபைகள் அமைதி அடைகின்றன. அவ்விடை பிழையன்று. ஆயின் அது கடைசியாகச் சொல்லப்பட வேண்டிய விடை. ஈட்டிய விதத்தையும், கடன் கொடுத்த விதத்தையும் கேளாமற் கொடுக்கும் கையை மட்டும் பாராட்டும் சபை, பணத்தைப் பற்றிய தனது மனநோயை ஆன்மிகம் என அழைத்துக்கொண்டிருக்கின்றது என்பதே என் குற்றச்சாட்டு.

இது கிறிஸ்தவர் வீட்டுச் சங்கதி, தமிழ்ச் சங்க ஏட்டில் இதற்கென்ன இடம் என்று நண்பர் சிலர் கேட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சைவரும் பாதிரிமாரும் நடத்திய கண்டனப் போரை ஒதுக்கிவிட்டு ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எவரும் எழுதவியலாது. அப்போரிலே திரும்பத் திரும்ப எழுந்த குற்றச்சாட்டு, மதம் மாறியோர் சம்பளத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் மாறினர் என்பதாகும். வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர் (1822–1879) பின்னாளில் மிசனை எதிர்த்து எழுதியபோது இதனைச் சொல்லத் தவறவில்லை. அதற்கு நாம் இற்றைவரை நேரிய விடை அளித்ததாக நான் கருதவில்லை. அன்றியும், நுண்கடன் கம்பனியின் முகவர் படலையைத் திறந்துகொண்டு வரும்போது அவ்வீட்டார் எச்சமயத்தவர் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே இது எல்லோர் வீட்டுச் சங்கதியுமாகும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சபையிற் சென்ற அறுவடை விழாவில் நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். நெல்லும் இளநீரும் வாழைக்குலையும் பூசணிக்காயும், காலிற் கயிறு கட்டிய இரண்டு சேவல்களும் திருமுன் வைக்கப்பட்டிருந்தன. ஆராதனை முடிய வழமைபோல ஏலம் நடந்தது. ஒரு பூசணிக்காய் 7,500 ரூபாவுக்குப் போயிற்று. அதை எடுத்தவர் ஊரில் மீற்றர் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். சபையார் கைதட்டினர்; அவருடைய பெயர் ஒலிபெருக்கியில் இருமுறை சொல்லப்பட்டது. பின்வரிசையில் இருந்த என் சின்னம்மாவை நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தோடு அம்மனிதரிடமே அடகில் இருக்கின்றது.

சின்னம்மா கைம்பெண். கோழி வளர்ப்பதற்கென்று ஒரு கம்பனியில் 40,000 ரூபா குழுக்கடன் எடுத்தார். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. கோழிகள் நோயில் மாண்டன. கிழமைக் கட்டுப்பணம் மாளவில்லை. முதற் கடனைக் கட்ட இரண்டாவது கம்பனி, அதனைக் கட்ட மூன்றாவது, மூன்றாவதன் தவணைகளுக்காகத் தோடு. இதற்கிடையில் 2022 ஏப்ரலில் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. கடனை மறுசீரமைப்பதற்கு நாட்டுக்கு ஆலோசகர்களும் பேச்சுவார்த்தைகளும் இருந்தன. சின்னம்மாவுக்கு முற்றத்தில் ஒரு கதிரை இருந்தது. தவணைப் பணம் வந்து சேரும்வரை வசூலிக்க வருபவர் அதில் அமர்ந்திருப்பார். சில நாட்களில் பொழுது பட்ட பின்னரும் எழும்பமாட்டார். குழுவிலுள்ள ஏனைய நால்வரும் வேலியோரம் நிற்பர். அவர்களிலே இருவர் நமது சபையைச் சேர்ந்தோர். ஒரு காலத்தில் ஒரே பாயில் இருந்து பாட்டுப் பழகிய பெண்கள் இன்று ஒருவரையொருவர் கண்டால் வழிமாறிச் செல்கின்றனர். குழுக்கடன் என்னும் இம்முறை, அயலவர் நட்பையே ஈடாக எடுத்துக்கொள்கின்றது.

அன்றைய பிரசங்கம் விதவையின் காணிக்கை பற்றியது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 12 ஆம் அதிகாரம், 41 ஆம் வசனம் தொடங்கி வாசிக்கப்பட்டது. செல்வர்கள் மிகுதியிலிருந்து போட்டனர், ஏழைக் கைம்பெண் இரண்டு சிறு காசுகளைப் போட்டாள், அது அவளது முழு வாழ்வாதாரம் என்று இயேசு சீடருக்குக் காட்டிய பகுதி அது. காணிக்கை பற்றிப் பேசப்படும் இடமெல்லாம் இப்பகுதியே எடுக்கப்படுகின்றது. வாசிப்பை ஒரே ஒரு வசனம் முன்தள்ளி, நாற்பதிலிருந்து தொடங்கியிருப்பார்களாயின் நிலைமை வேறாயிருக்கும். நீண்ட அங்கி அணிந்து, சந்தையில் வணக்கமும் ஆலயத்தில் முதலாசனமும் விரும்பி, விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டுப் பார்வைக்கு நீண்ட செபம் பண்ணும் வேதபாரகர்மேல் வரும் தண்டனையை இயேசு அங்கேதான் அறிவிக்கின்றார். அந்தச் சொல்லின் சூடு ஆறுவதற்கு முன்னரே ஒரு விதவை நடந்து வந்து தன்னிடமிருந்த கடைசிக் காசையும் போடுகின்றாள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அக்காசை வாங்கிக்கொண்ட ஆலயத்தின் கற்களில் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது என்று அவர் சொல்லுகின்றார்.

இம்மூன்றையும் ஒன்றாய் வைத்து வாசிக்கும் எவருக்கும், இயேசுவின் குரலில் அவள்மீதான வியப்போடு அவளை அந்நிலைக்கு ஆக்கியோர்மீதான சினமும் கலந்திருப்பது புலனாகும். நீங்களும் இவ்வாறு செய்யுங்கள் என்று அவர் அங்கே கட்டளையிடவில்லை என்பதும் நோக்கற்பாலது. அவளது விசுவாசத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. நாற்பதாம் வசனத்தை அறுத்தெறிந்துவிட்டு நாற்பத்தோராம் வசனத்தால் பை நிரப்புவதையே கண்டிக்கின்றேன். பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவரும் தோட்டை இழந்தவரும் ஒரே கூரையின் கீழ் அப்பிரசங்கத்தைக் கேட்டனர். ஒருவருக்குப் பாராட்டும் மற்றவருக்கு இன்னும் கொடுக்குமாறு அழைப்பும் கிடைத்தன.

பணத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் போதனைகள் இருவகையின. ஒன்று, பணம் உலகத்துக்குரியது, ஆவிக்குரியோர் அதைப் பற்றி நினைத்தலாகாது என்பது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் எல்லாத் தீமைக்கும் வேர் எனப்படுவது பண ஆசையே, பணமன்று. இந்த வேறுபாட்டை மறந்து பேசுவோரிடம் பணம் இல்லாமலில்லை என்பதுதான் வேடிக்கை. அவர்களின் சீதனப் பேச்சுக்களிற் பணம் உலகத்துக்குரியதாகத் தோன்றுவதேயில்லை. ஏழைக்கு அவர்கள் போதிப்பது மனநிறைவு. தமக்கு அவர்கள் வைத்திருப்பது நிலையான வைப்பு.

மற்றையது செழிப்பின் சுவிசேஷம். ஐக்கிய அமெரிக்காவில் ஒரல் றொபேட்ஸ் போன்றோர் பரப்பிய 'விதை விசுவாசம்' என்ற கொள்கை (அவருடைய நூல் 1970 இல் வெளிவந்தது) இன்று நமது கிராமத்துத் தகரக் கொட்டகைகள்வரை வந்துவிட்டது. காணிக்கை விதையாம், பன்மடங்கு அறுவடையாம். கடன்பட்டவள் கடனைக் கட்டுமுன் விதைக்க வேண்டுமாம். இதைச் சுருக்கமாகவே சொல்லி விடுகின்றேன்: கடவுளையே வட்டி கட்டுபவர் ஆக்கும் இப்போதனை முற்கூறிய போதனையின் உடன்பிறப்பு. இரண்டுமே பணம் வந்த வழியைக் கேட்பதில்லை. ஒன்று பணத்தைப் பார்க்கவே மறுக்கின்றது. மற்றொன்று அதை மட்டுமே பார்க்கின்றது.

ஆனால் திருமறை பணம் வந்த வழியைக் கேட்கின்றது. கூச்சமின்றி, விவரமாகக் கேட்கின்றது. உபாகமத்தின் 24 ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திரிகைக் கல்லை ஈடாக வாங்கலாகாது. அது ஒருவனின் உயிரையே ஈடாக வாங்குவது போலாகும். ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால் பொழுது படுமுன் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அவன் அதைப் போர்த்து உறங்க வேண்டுமல்லவா? விதவையின் உடையை ஈடாக வாங்கவே கூடாது. இவற்றுக்கு நடுவே என்னை மிகவும் பிடித்து நிறுத்திய விதி ஒன்று உண்டு. கடன் கொடுத்தவன் ஈட்டை எடுக்கக் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையலாகாது. அவன் வெளியிலே நிற்க வேண்டும்; கடன்பட்டவன் தானே எடுத்து வந்து கொடுப்பான். ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இச்சிறு விதியில், கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதைத் தாண்டும் உரிமை பணத்துக்கு இல்லை என்ற எண்ணம் பொதிந்திருக்கின்றது. சின்னம்மாவின் முற்றத்துக் கதிரையை நினைத்துக்கொண்டு இதை வாசித்தபோது, இத்தனை வருட ஞாயிறு பாடசாலையில் இது ஏன் எனக்குக் கற்பிக்கப்படவில்லை என்ற கோபமே முதலில் எழுந்தது.

நெகேமியாவின் 5 ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோர், அரச வரி கட்டக் கடன் வாங்கியோர், பெண்பிள்ளைகளை அடிமைகளாய்க் கொடுத்தோர் ஆகியோரின் கூக்குரலுடன் அது தொடங்குகின்றது. கடன் கொடுத்தோர் அந்நியரல்லர். அவர்களின் சொந்த இனத்துப் பெருமக்கள். நெகேமியா அவர்களுக்குக் காணிக்கை பற்றிப் பிரசங்கிக்கவில்லை. சபையைக் கூட்டி, முகத்துக்கு நேரே கண்டித்து, வயலையும் வீட்டையும் நூற்றுக்கு ஒன்று என வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கினார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை மறைக்காது ஒப்புக்கொண்டார் என்பது அவருடைய பேச்சுக்கு வலுவூட்டுகின்றது. கி.பி. 325 இல் நிசேயாவிற் கூடிய திருச்சங்கம் வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்க விதித்த பதினேழாம் ஒழுங்கும் நூற்றுக்கொன்று வட்டியைக் குறித்தே பேசுகின்றது. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று! இன்று நமது ஊர்களில் அவ்வளவுக்குக் கடன் கிடைத்தாற் பெண்கள் மகிழ்ந்து வாங்குவர். இலங்கை அரசாங்கம் 2018 இல் நுண்கடன் வட்டிக்கு விதித்த உச்சவரம்பே ஆண்டுக்கு 35 வீதமாயிருந்தது. அதற்கு மேலே அறவிட்டு வந்தோர் இருந்தமையாலன்றோ உச்சவரம்பு தேவைப்பட்டது.

சகேயுவின் கதையும் இவ்வாறே பாதியாய்ச் சொல்லப்படுகின்றது. அவன் மரமேறியதைச் சிறுவர் பாடி ஆடுகின்றனர். இறங்கிய பின் அவன் செய்ததென்ன? உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். அநியாயமாய் வாங்கியதை வாங்கியவரிடமே நாலத்தனையாய்த் திருப்பினான். ஆலயத்துக்கு அவன் ஏதும் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை. இரட்சிப்பு அவ்வீட்டுக்கு வந்ததென இயேசு சொன்னது இதற்குப் பின்னரே.

நான் பிறந்த மெதடிஸ்த திருச்சபைக்கு இவ்விடயத்திற் சாக்குச் சொல்ல இடமேயில்லை. இத்தீவுக்கு 1814 இல் வந்திறங்கி, அதே ஆண்டில் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஆளனுப்பிய சபை அது. அதன் தந்தையாகிய ஜோன் வெஸ்லி (1703–1791) பணத்தின் பயன்பாடு பற்றி ஒரு முழுப் பிரசங்கமே எழுதி 1760 இல் வெளியிட்டார். இயன்றளவு ஈட்டு, இயன்றளவு சேமி, இயன்றளவு கொடு என்ற அதன் மூன்று விதிகளையும் நமது பாடசாலைச் சுவர்களிற் கண்டோர் இருப்பர். சுவரில் எழுதப்படாதது, முதல் விதிக்கு வெஸ்லி போட்ட வேலி. உடலைக் கெடுத்து ஈட்டாதே, மனச்சாட்சியைக் கெடுத்து ஈட்டாதே, அயலவனைக் கெடுத்து ஈட்டாதே என்று அவர் பக்கம் பக்கமாய் நிபந்தனை இடுகின்றார். மதுபானம் விற்று வாழ்வோரைக் கடுஞ்சொல்லாற் சாடுகின்றார். அடகுத் தொழிலை வெளிப்படையாகவே விலக்குகின்றார். அடகுக்காரர் கொடுக்கும் பூசணிக்காய்ப் பணத்துக்கு மெதடிஸ்தர் கைதட்டுவதை அவர் கண்டிருப்பாராயின் யாது செய்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பேசியதோடு நிற்கவுமில்லை. 1746 இல் இலண்டனில் வறியோருக்கென ஒரு கடன் நிதியைத் தொடங்கினார். இருபது சிலிங்குவரை கடன், மூன்று மாதத்திற் திருப்ப வேண்டும், வட்டி இல்லை. சிறுதொகையான அந்நிதியால் குறுகிய காலத்தில் 250 பேருக்குக் குறையாதோர் கைதூக்கி விடப்பட்டனர். முதுமையில் அவர் மனம் கசந்தார். மெதடிஸ்தரில் முதலிரு விதிகளைக் கைக்கொள்வோர் உளர், மூன்றாவதைக் கைக்கொள்வோர் மிக அரியர் என்பது அவரது இறுதிக் காலத்துப் பிரசங்கங்களில் மீளமீள ஒலிக்கின்றது. சமயம் உழைப்பையும் சிக்கனத்தையும் தரும், அவை செல்வத்தைத் தரும், செல்வம் சமயத்தை விழுங்கும் என்று அவர் அஞ்சியதை மக்ஸ் வெபர் 1904–05 இல் தமது புகழ்பெற்ற ஆய்வில் எடுத்தாண்டார். சமூகவியல் மாணவர் வெபரை வாசிக்கின்றனர். சபையார் வெஸ்லியை வாசிப்பதில்லை.

எதிர்வாதங்களை நான் அறியாமலில்லை. வட்டி வாங்குவது யாவும் பாவமோ என்பர். இல்லை. வறியவனுக்குக் கொடுக்கும் கடனையும் வியாபாரத்துக்குக் கொடுக்கும் முதலையும் வேறுபடுத்திக் கல்வின் 1545 இலேயே எழுதிவிட்டார். எனது மகாபொலப் பணமும் வங்கியில்தான் இருக்கின்றது. அதற்கு விழும் சொற்ப வட்டியை நான் திருப்பி அனுப்புவதில்லை. பொருளைப் பழிப்பது நமது மரபுமன்று. வள்ளுவர் அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே பொருளை வைத்து, தீமை கலவாது ஈட்டப்பட்ட செல்வமே ஏனைய இரண்டையும் தரும் என்றார். ஈட்டிய வழியைக் கேள் என்பதில் வெஸ்லியும் வள்ளுவரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

கடன்பட்டோர் ஆடம்பரத்துக்காகப் பட்டனர் என்பது இன்னொரு வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. சாமத்தியச் சடங்குக்கு மண்டபமும் வீடியோவும் பிடிக்கக் கடன் எடுத்தவர்களை நானும் அறிவேன். ஆனால் அச்சடங்கின் அழைப்பிதழிற் போதகரின் பெயரும் அச்சிடப்பட்டிருந்ததே! விருந்துக்குப் போய் உண்டு வந்தவர்கள் கடன் தீராதபோது மட்டும் சிக்கனம் போதிப்பது நேர்மையன்று. அன்றியும் யுத்தத்திலும் 2004 இன் கடற்கோளிலும் கணவரை இழந்து குடும்பம் சுமக்கும் பெண்களுக்கு, அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபா கொடுக்கக் கம்பனிகளையும் மீற்றர் வட்டிக்காரரையும் தவிர ஊரில் வேறு எவர் இருந்தனர்? சபை இருந்தது. அதனிடம் பணமும் இருந்தது.

மூன்றாவது வாதமே உண்மையில் எல்லோர் மனத்திலும் இருப்பது: சபை வங்கியன்று. நல்லது. ஜேர்மனியில் கிராம நகராதிபதியாயிருந்த ரைபைசன் (1818–1888) என்னும் பக்தியுள்ள புரொட்டஸ்தாந்தர், 1846–47 பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கிடைக்கச் செய்வதில் தொடங்கினார். செல்வரின் தருமம் நெடுநாள் நில்லாது என்பதை அனுபவத்திற் கண்டு, 1864 இல் ஹெடெஸ்டோர்வ் என்னும் ஊரில் உழவர் தாமே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கத்தை அமைத்தார். அங்கும் ஒருவருக்கொருவர் பிணைதான். ஆனால் இலாபம் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. வட்டியைத் தீர்மானிப்போரும் கடன் வாங்குவோரும் ஒரே ஆட்கள். இலங்கையில் 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்பின் தோன்றிய கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இவ்வழியையே பெரிதும் தழுவின. நமது ஊர்களிற் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்பனவற்றின் மூதாதை ஒரு கிறிஸ்தவனின் மனச்சாட்சியில் உள்ளது என்பதைச் சபையார் அறிவரோ? வங்கியாகும்படி எவரும் சபையைக் கேட்கவில்லை. அத்தகைய சங்கம் ஒன்றுக்குத் தன் வைப்பிலிருந்து முதல் கொடுக்கவும், அறுவடை விழாவில் ஏலத்துக்கு முன் நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரத்தை முழுமையாக வாசிக்கவுமே கேட்கின்றேன். வாசித்த பின்பும் பூசணிக்காயை 7,500 ரூபாவுக்கு எடுப்பவர் எடுக்கட்டும்.

சென்ற விடுமுறையில் இவ்விரண்டையும் சபைப் பொறுப்பாளர் ஒருவரிடம் சொன்னேன். வைப்புப் பணம் கூரை வேலைக்கென ஒதுக்கப்பட்டது என்றார். ஆலயத்தின் கூரை ஒழுகுவது மெய்தான். வேத பாடங்கள் அட்டவணைப்படியே வாசிக்கப்படும் என்றார். எழுத்திற் கொடுத்தால் வருடாந்தக் கூட்டத்தில் வைக்கலாம் என்று கடைசியிற் சொன்னார். எழுதினேன். பதினொரு பேர் கையொப்பம் இட்டுள்ளனர். குழுக்கடனிலுள்ள அந்த இரு பெண்களும் அவர்களுள் அடங்குவர். சின்னம்மா தாளை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "தோடு இன்னும் அவரிட்டத்தான் கிடக்கு மகன்" என்றார்.